பாம்புக்கழுகுக்கு நஞ்சு ஏறாதா? – பாம்புண்ணும் கழுகுகளின் வாழ்வியல் பற்றிய விவாதம்

குற்றாலச்சாரல்:

அனைவருக்கும் வணக்கம். பாம்புகளைத் தின்று வாழும் கழுகுகளைப் பற்றி நெடுநாளாக எனக்கிருக்கும் ஒரு கேள்வியை இங்கே முன்வைக்கிறேன். எங்கள் தோப்பை ஒட்டி ஓடும் ஓடையின் கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நிற்கிறது. கொண்டைப் பாம்புக்கழுகு ஒன்று காலை வேளைகளில் அதில் வந்து அமர்வது வழக்கம். அண்மையில் அது ஒரு பாம்பைக் காலடியில் அழுத்தியபடி இருந்ததை இருநோக்கி வழியே நன்றாகப் பார்க்க முடிந்தது. பாம்பின் தலை சிதைந்திருந்தது; ஆனால் உடல் உயிர் போகாததுபோல் கிளையைச் சுற்றி இறுக்கிக்கொண்டும் தளர்ந்துகொண்டும் இருந்தது. கழுகு சற்றும் அவசரப்படவில்லை. பிடரியிலுள்ள கறுப்பு வெள்ளை இறகுகளை நிமிர்த்தி இரு பக்கமும் பார்த்தது. பின்னர் தலைப்பக்கத்திலிருந்து விழுங்கத் தொடங்கியது. கடைசியில் வால்நுனி மட்டும் அலகின் ஓரத்தில் சிறிது நேரம் நெளிந்துவிட்டு உள்ளே போயிற்று.

கழுகுக்குப் பாம்பின் நஞ்சு ஏறாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். கீரிக்கும் அப்படித்தான் என்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? நஞ்செதிர்ப்பு இல்லையென்றால் நல்லபாம்பையும் விரியனையும் அவை எந்தத் துணிவில் நெருங்குகின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செங்காந்தள்:

நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். இதே கேள்வியை மாணவர்களும் கேட்பதுண்டு. கீரியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கழுகைப் பற்றிச் சொல்வதற்கு அத்தகைய சான்று இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

நல்லபாம்பின் நஞ்சில் நரம்பைத் தாக்கும் புரதங்கள் உள்ளன. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையிலுள்ள ஏற்பிகளில் சென்று ஒட்ட வேண்டும். நஞ்சுப் புரதம் அந்த ஏற்பியில் முந்திச் சென்று அமர்ந்துகொள்வதால் தசை அசைவிழந்து, இறுதியில் மூச்சுவிடும் தசைகளும் நின்றுவிடுகின்றன. கீரியின் உடலில் அந்த ஏற்பியின் அமைப்பே சற்று மாறியிருப்பதால் நஞ்சுப் புரதத்தால் அதில் பொருந்த முடிவதில்லை. இது 1990-களின் தொடக்கத்திலேயே மூலக்கூறு அளவில் காட்டப்பட்டது. முள்ளெலி, தேன்வளைக்கரடி, பன்றி ஆகியவற்றிலும் இதே இடத்தில் தனித்தனியாக மாற்றங்கள் தோன்றியுள்ளன என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. ஆனாலும் கீரி எவ்வளவு கடிபட்டாலும் சாகாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கண்ணாடிவிரியன் போன்றவற்றின் நஞ்சு பெரும்பாலும் குருதியையும் திசுவையும் தாக்குவது. அதற்கு இந்த ஏற்பி மாற்றம் காப்பாகாது.

பாம்புக்கழுகுகளுக்கு இத்தகைய உள்காப்பு உண்டென்று நிறுவப்படவில்லை. அவற்றின் பாதுகாப்பு முழுவதும் உடலின் வெளியேதான் அமைந்திருக்கிறது. கால்களைக் கவனித்துப் பாருங்கள். பெருங்கழுகுகள் பலவற்றுக்கு இறகு விரல்வரை மூடியிருக்கும். பாம்புக்கழுகுகளுக்கோ கணைக்கால் வெறுமையாக, தடித்த செதில்களால் பொதியப்பட்டிருக்கும். கொண்டைப் பாம்புக்கழுகின் காலில் அந்தச் செதில்கள் அறுகோண வடிவில் ஒன்றோடொன்று நெருங்கி அமைந்திருப்பதை நல்ல ஒளிப்படங்களில் எண்ணிவிடலாம். விரல்கள் உடலளவுக்குக் குட்டையாகவும் தடித்தும் இருக்கின்றன. நீண்ட விரல் முயலையோ கோழியையோ வளைத்துப் பிடிக்க உதவும். வழுவழுப்பான மெல்லிய உடலை நழுவவிடாமல் நெரிப்பதற்குக் குட்டை விரலே ஏற்றது. பாம்பு திருப்பித் தாக்கும்போது கழுகு இறக்கைகளை விரித்துக்கொள்வதால், பல தாக்குதல்கள் இறகுகளின்மேல் பட்டு வீணாகின்றன. இதற்கிடையில் தலையோ அதை ஒட்டிய பகுதியோ கழுகின் பிடியில் நசுங்கிவிடுகிறது.

ஆக, கடிபட்டால் கழுகும் பாதிக்கப்படும். கடிபடாமல் கொல்வதுதான் அதன் திறமை.

கரிசல்காட்டான்:

செங்காந்தள் அம்மாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. வெளியே கடி படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நஞ்சுப்பை நிறைந்த தலையோடு முழுப்பாம்பையும் விழுங்குகிறதே, அந்த நஞ்சு வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

எங்கள் பகுதியில் நான் பார்ப்பது குற்றாலச்சாரல் சொல்லும் பறவை அன்று. இது மானாவாரிக் கரிசல் நிலம்; காடு என்று சொல்ல ஏதுமில்லை. இங்கே வருவது குட்டைவிரல் பாம்புக்கழுகு. கீழ்ப்பக்கம் வெளுத்து, தலையும் மார்பின் மேற்பகுதியும் பழுப்பாக, பெரிய மஞ்சள் கண்களோடு ஆந்தையை நினைவூட்டும் முகத்தோடு இருக்கும். சித்திரை வெயிலில், காற்று எதிரே வீசும்போது, அது வானத்தில் ஒரே புள்ளியில் நின்றுவிடும். இறக்கை அவ்வப்போது மெல்ல அடித்துக்கொள்ளும், வால் இப்படியும் அப்படியும் திரும்பும், தலை மட்டும் அணுவளவும் நகராது. பிறகு பாதித் தொலைவு இறங்கி அங்கேயும் நிற்கும், மறுபடியும் இறங்கும். கடைசி இறக்கத்தில் கால்களை நீட்டிக்கொண்டு புதரின் ஓரத்தில் விழும். பாம்பு கிடைத்துவிட்டால் பறந்துகொண்டே தலையை விழுங்கிவிடுவதும் உண்டு. வால் வாயிலிருந்து கயிறாகத் தொங்க அது கடந்து போவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

செங்காந்தள்:

ஐயா கேட்டதற்கு விடை எளிது. பாம்பின் நஞ்சு புரதங்களால் ஆனது. அது குருதியிலோ திசுவிலோ செலுத்தப்பட்டால்தான் வேலை செய்யும். வயிற்றுக்குள் போனால் அமிலமும் செரிமான நொதிகளும் அதை மற்ற இறைச்சியைப் போலவே உடைத்துவிடுகின்றன. வாயிலோ உணவுக்குழலிலோ புண் இருந்தால் மட்டுமே ஆபத்து. கழுகு முதலில் தலையை நசுக்குவதற்கும், தலைப்பக்கத்திலிருந்தே விழுங்குவதற்கும் இதுவும் ஒரு காரணமாகிறது. பாம்பின் செதில்கள் பின்னோக்கி அமைந்திருப்பதால் தலையிலிருந்து விழுங்குவது வழுக்கிக்கொண்டு இறங்கும். வாலிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு செதிலும் எதிர்த்து நிற்கும்.

கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குட்டைவிரல் பாம்புக்கழுகின் கண்கள் முன்னோக்கி இருப்பதுபோல் தோன்றுவதால், மனிதரைப் போல இரு கண் பார்வை அதற்கு மிக அகலமாக இருக்கும் என்று பலர் எண்ணுவார்கள். 1999-ல் வெளியான ஓர் அளவீட்டு ஆய்வின்படி, இரு கண்களும் ஒருசேரப் பார்க்கும் பகுதி அகலத்தில் ஏறத்தாழ 20 பாகை மட்டுமே. ஆனால் மேலிருந்து கீழாக அது சுமார் 80 பாகை நீளுகிறது. அலகு அந்தப் பகுதியின் நடுவில் வருகிறது. நேர் கீழே தரையைத் துருவிக்கொண்டு இறங்கி, அலகாலும் காலாலும் குறிதவறாமல் பிடிக்க வேண்டிய பறவைக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருத்தம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வன்னிக்குளம்:

இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து எழுதுகின்றேன். எங்களிடம் கொண்டைப் பாம்புக்கழுகு தாராளமாக உண்டு. குளக்கட்டுகளிலும் வயலோர மரங்களிலும் அதனை ஆண்டு முழுவதும் அவதானிக்கலாம். இந்திய நிலப்பகுதியில் உள்ளதைவிட வேறான உள்ளினம் இது. ஸ்பைலோகாஸ்டர் என்று வகைப்படுத்தியுள்ளனர். தென்னிந்தியாவில் உள்ளது மெலனோட்டிஸ் என்னும் உள்ளினம்.

நான் சொல்ல விரும்புவது அதன் உணவைப் பற்றி. பெயரிலேயே பாம்பு இருப்பதனால் அது பாம்பை மட்டுமே தேடி அலைகின்றது என்று நினைத்துவிடுகின்றோம். நான் கண்டவரையில், மழைக்காலத்தில் அது குளத்தோரத்துத் தாழ்ந்த கிளையில் அமர்ந்து தவளைகளையும் தண்ணீர்ப்பாம்புகளையும் பிடிக்கின்றது. வரண்ட மாதங்களில் ஓணான், அரணை, எலி என்று கிடைப்பதை உண்கின்றது. தரையில் இறங்கி ஈரச் சேற்றில் நடந்து நண்டு பொறுக்குவதையும் பார்த்திருக்கின்றேன். இதே இனம் ஜப்பானின் தென்கோடியில் இஷிகாகி, இரியோமொட்டே தீவுகளிலும் வாழ்கின்றது. அங்கே தவளையும் நண்டும் அதன் உணவில் பெரும் பங்கு வகிக்கின்றன. வீதியில் வாகனங்களில் நசுங்கிய தவளைகளையும் நண்டுகளையும் தின்பதற்கு இறங்கி, அடுத்த வாகனத்தில் தானே அடிபடுவது அங்கு அதற்குப் பெரும் அபாயமாக உள்ளது. மழையிரவுக்குப் பிந்திய காலையில் எங்கள் குளக்கட்டு வீதிகளிலும் நசுங்கிய தவளைகளுக்குக் குறைவில்லை; வாகனங்கள் பெருகப் பெருக எங்கள் பறவைக்கும் அந்த நிலை வந்துவிடுமோ என்று அஞ்சுகின்றேன்.

நீலமலை நோக்கர்:

நல்ல விவாதம். குடும்ப உறவுகளைப் பற்றி இதுவரை யாரும் பேசாததால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இந்தக் கழுகுகளின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கொண்டைப் பாம்புக்கழுகு இடம்பெறும் ஸ்பைலோர்னிஸ் பேரினம் ஆசியாவுக்கு உரியது. சர்கேட்டஸ் பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில் உள்ளன. கரிசல்காட்டான் ஐயா கண்ட குட்டைவிரல் பாம்புக்கழுகு சர்கேட்டஸ் வகையைச் சேர்ந்தது. இது தெற்கு ஐரோப்பா முதல் இந்தியா வரை பரவியிருக்கிறது. ஆப்பிரிக்கச் சவானாவில் வாழும் பழுப்புப் பாம்புக்கழுகும் கருமார்புப் பாம்புக்கழுகும் இதன் நெருங்கிய உறவுகள். வால் இல்லாததுபோலவே தோன்றும் பேட்டலூர் கழுகும் இதே கிளையைச் சேர்ந்தது.

2005-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று இந்தக் கிளையில் எவரும் எதிர்பாராத ஓர் உறுப்பினரைக் கொண்டுவந்து சேர்த்தது. பிலிப்பைன்ஸ் காடுகளில் வாழும், உலகின் மிகப் பெரிய கழுகுகளுள் ஒன்றான பிலிப்பைன் கழுகுதான் அது. பறக்கும் லெமூர்களையும் மரநாய்களையும் குரங்குகளையும் வேட்டையாடும் அந்தப் பறவையைத் தென்னமெரிக்காவின் ஹார்ப்பி கழுகுக்கு உறவாக நெடுங்காலம் கருதி வந்தார்கள். உருவ ஒற்றுமை ஏமாற்றிவிட்டது. அதன் மரபு பாம்புக்கழுகுகளோடு இணைகிறது. தீவுகளில் பெரிய பாலூட்டி வேட்டைக்காரர்கள் இல்லாத நிலையில், பாம்புண்ணி மூதாதை ஒன்றின் வழித்தோன்றல் அந்த வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்குப் பெருத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மடகாஸ்கர் பாம்புக்கழுகின் கதை இதற்கு நேர்மாறானது. பெயரிலும் தோற்றத்திலும் பாம்புக்கழுகாக இருந்தும், மரபணு அதைத் தாடிப்பாறு இடம்பெறும் வேறொரு கிளையில் வைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்த அது 1990-களின் தொடக்கத்தில்தான் மறுபடியும் கண்டறியப்பட்டது.

பாம்பு உண்ணும் பழக்கம் பறவைகளில் ஒருமுறை மட்டும் தோன்றியதன்று. ஆப்பிரிக்காவின் செயலர் பறவை தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட கால்களோடு புல்வெளியில் நடந்து திரிந்து, பாம்பை மிதித்தே கொல்கிறது. இங்கிலாந்தில் பழக்கப்படுத்தப்பட்ட செயலர் பறவை ஒன்று ரப்பர்ப் பாம்பை உதைத்ததை அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். உதையின் விசை சராசரியாக 195 நியூட்டன், அதாவது அந்தப் பறவையின் எடையைப் போல் ஐந்து மடங்கு. கால் இலக்கைத் தொட்டிருந்த நேரம் ஏறத்தாழ 15 மில்லிநொடி. அவ்வளவு குறுகிய நேரத்தில் உதையின் நடுவே திருத்தம் செய்ய நரம்புக்கு வாய்ப்பே இல்லை. குறி முன்கூட்டியே சரியாக அமைந்திருக்க வேண்டும். நடு, தென் அமெரிக்காவில் சிரிக்கும் வல்லூறு பவளப்பாம்பு உட்பட நச்சுப்பாம்புகளின் தலையைக் கடித்துத் துண்டித்துவிட்டுத் தின்கிறது. நம் கடற்கரையில் வெண்வயிற்றுக் கடற்கழுகு கடற்பாம்புகளைத் தூக்கிச் செல்வதை மீனவர்கள் அறிவார்கள். செங்காந்தள் முதலிலேயே சொன்னதுபோல, இவை ஒவ்வொன்றும் கடியைத் தவிர்ப்பதற்குத் தனக்கென ஒரு வழியைக் கண்டிருக்கின்றன.

குற்றாலச்சாரல்:

அனைவருக்கும் நன்றி. இத்தனை விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை. இதிலிருந்து இரண்டு துணைக்கேள்விகள் பிறக்கின்றன. முதலாவது, கோயில் குடமுழுக்கின்போது கோபுரத்துக்கு மேல் வட்டமிடும் கருடன் இந்தப் பாம்புக்கழுகுதானா? இரண்டாவது, பாம்புக்கடியால் நம் நாட்டில் இத்தனை பேர் இறக்கும்போது, இந்தக் கழுகுகள் பெருகினால் கடிகள் குறையும் என்று உழவர்களிடம் எடுத்துச் சொல்லலாமா? பாதுகாப்புக்கு அது நல்ல வாதமாக அமையும் அல்லவா?

செங்காந்தள்:

முதல் கேள்விக்கு விடை: இல்லை. குடமுழுக்கில் மக்கள் காத்திருந்து கும்பிடுவது செம்பருந்தை. செங்காவி உடலும் வெள்ளைத் தலையும் மார்பும் கொண்ட பறவை அது. நீர்நிலைகளை ஒட்டி மீன், நண்டு, செத்த உயிர்கள் ஆகியவற்றை உண்டு வாழ்கிறது. பாம்பு அதன் முதன்மை உணவன்று.

இரண்டாவது வாதத்தை நான் கைக்கொள்ள மாட்டேன். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அந்தத் துயரத்தின் அளவு பெரிது. அதற்குத் தவறான தீர்வைக் காட்டிவிடக் கூடாது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது; தரையில் படுத்து உறங்குபவர்களை இருளில் கடிக்கிறது. கண்ணாடிவிரியனும் பெரும்பாலும் இரவில்தான் இரை தேடுகிறது. கழுகோ வெயில் ஏறிய பிறகு வேட்டையாடும் பறவை. அதன் கண்ணில் அதிகம் படுவது பகலில் திரியும் சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன், தண்ணீர்ப்பாம்பு போன்றவை. இவற்றில் சாரை வயல் எலிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. எனவே கழுகைக் காப்பாற்றினால் கடி குறையும் என்று நாம் சொன்னால், அடுத்த ஆண்டும் கடி குறையாதபோது உழவர் நம்மையும் நம்ப மாட்டார், கழுகையும் மதிக்க மாட்டார். கடியைக் குறைக்க இரவில் கைவிளக்கு, கட்டில், கொசுவலை, காலணி, காலம் தாழ்த்தாத மருத்துவமனைச் சிகிச்சை ஆகியவையே வழி.

கரிசல்காட்டான்:

நான் செங்காந்தள் அம்மாவோடு உடன்படுகிறேன். கழுகு நமக்கு என்ன செய்கிறது என்பதைவிட, நாம் அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையே எங்கள் வட்டாரத்தில் நான் கவலையோடு பார்க்கிறேன்.

குட்டைவிரல் பாம்புக்கழுகு ஓர் ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. அடைகாக்க 45 முதல் 47 நாட்கள் ஆகின்றன. குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் பத்து வாரங்களுக்குக் குறையாமல் ஆகிறது. ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஒரு கூட்டைச் சுற்றி அமைதி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கூடு உயர்ந்த மரத்தில் இருப்பதில்லை. குடைவேல மரத்தின் தட்டையான உச்சியில், ஒரு மனிதர் ஏணி போட்டு எட்டும் உயரத்தில் சுள்ளிகளால் கட்டப்பட்டிருக்கும். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால், ஆண் பறவை பாம்பை முக்கால்வாசி விழுங்கிய நிலையில் வந்து இறங்குவதையும், பெண்ணோ குஞ்சோ அதன் வாயில் தொங்கும் வாலைப் பற்றி இழுத்து முழுப்பாம்பையும் வெளியே எடுப்பதையும் காணலாம். உடலில் இறகு முளைத்து முடியாத குஞ்சுகூடத் தன்னைவிடப் பல மடங்கு நீளமான பாம்பைத் தலையிலிருந்து விழுங்கத் தொடங்கி, இடையிடையே கண்ணை மூடி ஓய்வெடுத்து, நெடுநேரம் போராடி முடித்துவிடும்.

இந்தப் பறவை நம்பியிருக்கும் முட்புதர் வெளிகளை அரசு ஆவணங்கள் தரிசு என்றே பதிவு செய்கின்றன. தரிசு என்று எழுதியவுடன் அந்த நிலம் எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கத் தக்கதாகிவிடுகிறது. சூரியமின் பண்ணைகள் வருகின்றன, மனைகள் வருகின்றன, பசுமையாக்கம் என்ற பெயரில் நெருக்கமாக மரம் நடுகிறார்கள். சீமைக்கருவேலம் தானாகவே பரவி வெளியை மூடுகிறது. மரம் அடர்ந்தால் இயற்கைக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் பலர். மேலிருந்து தரையைப் பார்த்து வேட்டையாடும் பறவைக்கு மூடிய நிலம் வெற்று நிலம். காற்றில் நின்று வேட்டையாடும் இதன் பழக்கமும், காற்றாலைகளுக்கு நாம் தேர்ந்தெடுக்கும் காற்றோட்டமுள்ள இடங்களும் ஒன்றாகவே அமைவது இன்னொரு கவலை. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் புல்வெளி போன்ற திறந்தவெளிப் பறவைகளும் இரைகொல்லிப் பறவைகளும் கடுமையாகச் சரிந்து வருவதைச் சுட்டியது. பாம்புக்கழுகைக் காக்க வேண்டுமென்றால் தரிசு என்னும் அந்தப் பதிவை மாற்றுவதே முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

நீலமலை நோக்கர்:

ஐயா சொன்னதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். காட்டுப் பறவையான கொண்டைப் பாம்புக்கழுகின் நிலை இதைவிடப் பரவாயில்லை. அதுவும் பெரும்பாலும் ஒரு முட்டைதான் இடுகிறது. பெண் பறவை ஏறத்தாழ 41 நாட்கள் அடைகாக்கிறது. குஞ்சு இரண்டு மாதங்களில் பறக்கிறது. கொல்லிமலையில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு, கூடுகள் பெரும்பாலும் ஆற்றோர மரங்களில் இருந்ததைப் பதிவு செய்தது. குற்றாலச்சாரல் தன் ஓடைக்கரை மரத்தை வெட்டாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் தீவுகளில் நிலைமை வேறு. அந்தமானின் உட்காடுகளில் கருநிறமான அந்தமான் பாம்புக்கழுகு தனி இனமாக வாழ்கிறது. பெரிய நிக்கோபாரில் வாழும் ஸ்பைலோர்னிஸ் கிளாசி என்னும் பாம்புக்கழுகு 1902-ல் அறிவியலுக்கு அறிமுகமானது. உலகின் மிகச் சிறிய கழுகுகளுள் ஒன்று. நீளம் 40 சென்டிமீட்டர் அளவுதான், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. பல்லி, எலி, சிறு பறவை ஆகியவற்றை உண்டு மழைக்காட்டுக்குள் வாழ்கிறது. அதே தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் அடங்கிய திட்டத்துக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை அதற்குத் திருப்பிவிடுவதாகத் திட்டம். இரண்டொரு தீவுகளுக்கு அப்பால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கழுகின் வீட்டில் இது நடக்கிறது என்பதை, வளர்ச்சி பற்றிய விவாதங்களில் ஒருவரும் நினைவூட்டுவதில்லை. ஈடாக வேறு மாநிலத்தில் மரம் நடுவதாகச் சொல்வது இந்தப் பறவையைப் பொறுத்தவரை பொருளற்றது.

வன்னிக்குளம்:

ஒரு கேள்வி. குட்டைவிரல் பாம்புக்கழுகு ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்க இயலாதே. பாம்புகள் வளைக்குள் போய்விடும் அல்லவா?

நீலமலை நோக்கர்:

ஆம். ஐரோப்பாவில் கூடு கட்டுபவை அதனால்தான் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சகாராவுக்குத் தெற்கே போய்விடுகின்றன. வெப்பக்காற்றில் ஏறி மிதந்தே அவை நெடுந்தொலைவு கடக்கின்றன. கடலின் மேல் அத்தகைய காற்று எழாததால் அகன்ற கடலைத் தவிர்க்கின்றன. தென் இத்தாலியில் பிறந்த பறவைகளின் பாதை இதற்குச் சிறந்த சான்று. சிசிலியிலிருந்து துனிசியாவுக்குக் கடல் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். அதைக் கடக்காமல், தெற்கே போக வேண்டிய அவை வடக்கு நோக்கித் திரும்பி, இத்தாலியின் நீளம் முழுவதும் பறந்து, தெற்குப் பிரான்சையும் ஸ்பெயினையும் சுற்றி, 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் இது உறுதியானது. நம் நாட்டில் பாம்பும் ஓணானும் ஆண்டு முழுவதும் கிடைப்பதால் இங்குள்ளவை பெரும்பாலும் இங்கேயே தங்கிவிடுகின்றன.

ஏற்காட்டுப்பாதை:

இந்த இழையை முழுவதும் படித்தேன். நான் பறவை நோக்கத் தொடங்கி அதிக நாட்கள் ஆகவில்லை. மலைப்பாதையில் வெளிர் தலையும் குடுமியும் கொண்ட ஒரு கழுகைப் பார்த்து, இளம் கொண்டைப் பாம்புக்கழுகா அல்லது குடுமி உடைய பருந்துக்கழுகா என்று முடிவு செய்ய முடியாமல் திரும்பினேன். இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

நீலமலை நோக்கர்:

வளர்ந்த பறவையில் குழப்பம் வராது. அலகின் அடியிலிருந்து கண்வரை பளிச்சென்ற மஞ்சள் தோல் இருக்கும். பழுப்பு அடிவயிற்றில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பறக்கும்போது இறக்கைகளை ஆழமில்லாத வி வடிவில் தூக்கிப் பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் இறக்கையின் பின்னோரத்தை ஒட்டியும் வாலின் குறுக்காகவும் அகன்ற வெள்ளைப் பட்டை தெரியும். காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் வட்டமிட்டுக்கொண்டே மூன்று சுரங்களில் நீளமாகச் சீழ்க்கை அடிக்கும். காட்டில் பலர் பறவையைக் காணும் முன்னரே அந்தக் குரலைக் கேட்டு அறிந்துவிடுவார்கள்.

இளம் பறவையில் தலை வெளுத்திருப்பதால் நீங்கள் சொன்ன ஐயம் எழுவது இயல்பே. அப்போது குடுமியை நம்ப வேண்டாம், இரண்டுக்குமே இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் காதுப்பகுதி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இளம் பாம்புக்கழுகில் அது பெரும்பாலும் கறுத்திருக்கும். அதைவிட உறுதியான அடையாளம் கால். பருந்துக்கழுகின் கால் விரல்வரை இறகால் மூடியிருக்கும். பாம்புக்கழுகின் கணைக்கால் மஞ்சளாக, செதிலோடு வெறுமையாகத் தெரியும். பறவை அமர்ந்திருந்தால் ஒளிப்படத்தில் முகத்தைவிடக் காலைத் தெளிவாக எடுக்க முயலுங்கள். படத்தை இங்கே பதிவிட்டால் பார்த்துச் சொல்கிறேன். கூடு அருகில் இருந்தால் மட்டும் இடத்தின் பெயரைக் குறிப்பிடாமல் பதிவிடுங்கள்.